ஓரறை வீட்டில் மறைக்கல்வி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைத் திருச்சபை' என்னும் ஏடு, கிறிஸ்தவக் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று அழைக்கிறது. பெற்றோரே தம் சொல்லாலும் வாழ்வாலும் பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டு வந்த கல்வி பற்றிய அறிக்கையும் பெற்றோரையே முதல் ஆசிரியர்கள் என்கிறது. ஞாயிறு மறையுரைகளில் இந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இறையியல் சார்ந்ததல்ல, இடம் சார்ந்தது. இந்தத் திருச்சபையை எங்கே வைப்பது?

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருப்பது ஒரு 'போர்ஷன்'. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான ஒரு முற்றம். அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அதற்குள் ஓர் இரும்பு பீரோ, மனைவியின் தையல் இயந்திரம், தொலைக்காட்சி, சுருட்டி வைத்த பாய்கள். இரவில் பாய்களை விரித்துவிட்டால் கால் வைக்க இடமிராது. மகளுக்கு இப்போது 10 வயது, மகனுக்கு 6. மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்த் திரும்பும் எனக்குப் பிள்ளைகளோடு கிடைப்பது இரவில் ஒரு மணி நேரம். இடமும் குறைவு, காலமும் குறைவு.

மேலை நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளின் செபத்துக்கென்று ஒரு மூலையையோ ஒரு தனி அறையையோ ஒதுக்கி வைத்திருக்கும் படங்களைப் பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் இந்த மறை கற்பிக்கப்பட்ட வரலாறே இடமில்லாதவர்களின் வரலாறு என்பது தெரியும். 1542இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்த சிலரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும் என்பது அவர் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. பள்ளிக்கூடம் இல்லை, நூல் இல்லை. குரலும் நினைவும் மட்டும்தான் இருந்தன.

நூல் பிறகு வந்தது. வந்தபோதும் சிறியதாகவே வந்தது. அன்றிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் நூல் ஒன்று உண்டு என்றாலும் அதன் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் இந்தப் பதினாறு பக்கச் செப நூல்தான். மறு ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வினாவும் விடையுமாக அமைந்தது. மடியில் செருகிக்கொள்ளலாம், கூரைச் செருகலில் வைத்துக்கொள்ளலாம். மனத்தில் ஏற்றிக்கொண்டால் அந்த இடமும் தேவையில்லை.

அந்த மரபின் கடைசிக் கண்ணி ஒன்று எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வரும். என் மாமியார். கோவளத்தில், 1808இல் ஜான் டிமான்ட்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர் கட்டுவித்த கார்மேல் அன்னை ஆலயத்தின் நிழலில் பிறந்து வளர்ந்தவர். உபதேசியாரிடம் 'சின்னக் குறிப்பிடம்' முழுவதையும் பாடம் செய்தவர். சர்வேசுரன், இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சியசிஷ்டர், பிரியதத்தம் என்று இன்றைய வழிபாட்டு நூல்களில் வழக்கொழிந்த சொற்கள் எல்லாம் அவர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மீன் ஆய்ந்துகொண்டே பேரப்பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், பதில் வரத் தாமதமானால் தாமே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அவருக்குத் தனி அறையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். சமையற்கட்டின் வாசற்படி போதும்.

இந்த முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மனப்பாடமாகக் கற்ற செபம் துக்கத்தில் தானாக வந்து உதடுகளில் உட்காரும். என் மாமனார் கடலில் இருந்து திரும்பத் தாமதமான இரவுகளில் மாமியாரைக் காத்தது அந்தச் சொற்கள்தான் என்று மனைவி சொல்வாள். ஆயினும் மனப்பாடம் மட்டுமே போதுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. கேள்விகளுக்குக் கிளிபோல் பதில் சொன்ன என் மகன், இஸ்பிரீத்து என்பது ஓர் ஊரின் பெயர் என்று ஓராண்டுக் காலம் நம்பிக்கொண்டிருந்தான். அந்த ஊருக்குச் செங்கல்பட்டிலிருந்து பேருந்து உண்டா என்று அவன் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

வேறொரு வழி இருக்கிறதென்று எனக்குக் காட்டியவர்கள் இரண்டு இத்தாலியப் பெண்கள். ஒருவர் மரியா மாண்டிசோரி. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர். போரின் காரணமாக இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தவர். கோவளத்திலிருந்து அவர் பயிற்சி வகுப்பு நடத்திய இடம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அவரைக் கல்வியாளராக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். திருச்சபையில் குழந்தையின் இடம் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மற்றவர் சோஃபியா கவல்லெத்தி, எபிரேய மொழி அறிஞர். 1954இல் உரோமையில், மாண்டிசோரி முறையில் தேர்ந்த ஜானா கோபியுடன் சேர்ந்து, மூன்று வயதுக் குழந்தைகளிலிருந்து தொடங்கும் ஒரு மறைக்கல்வி முறையை உருவாக்கினார். நல்லாயன் உவமையை நடுவில் வைத்ததால் அம்முறைக்கு அந்தப் பெயரே அமைந்துவிட்டது.

கவல்லெத்தியின் முறையில் குழந்தைக்குப் பொருள்களைக் கொடுப்பார்கள். சின்னப் பீடம், சின்னக் கிண்ணம், மரத்தில் செய்த ஆடுகள், ஒரு கொட்டில், ஓர் ஆயர். பெரியவர் உவமையை மெதுவாகச் சொல்லி, பொருள்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டிவிட்டு, பேசாமல் இருந்துவிட வேண்டும். அந்த ஆடுகள் யார் என்று சொல்லக் கூடாது. அதைக் கண்டுபிடிப்பது குழந்தையின் உரிமை. இவை எல்லாம் வைக்கப்பட்டிருக்கும் அறைக்கு, ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோர் கூடிய முன்மண்டபத்தின் பெயரை வைத்தார்கள். தமிழில் முன்றில் என்று சொல்லலாம். எங்கள் போர்ஷனில் முன்றில் கிடையாது.

ஆனால் பரணில் ஒரு குடில் பெட்டி இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வைக்கோலோடு கட்டி ஏற்றிவிடுகிற சுதைப் பொம்மைகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, நான் அதைக் கீழே இறக்கினேன். அவ்வாண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. இரண்டுமே எங்களுக்கு அந்த 12 அடி அறைக்குள்தான் நடந்தன. மாதா தொலைக்காட்சியில் திருப்பலி ஓடிக்கொண்டிருக்க, அப்போது நான்கு வயதாகியிருந்த மகளுக்கு அது வெறும் படமாகவே இருந்தது. குடில் பெட்டியிலிருந்து ஐந்து ஆடுகளையும் ஓர் இடையரையும் எடுத்தேன். ஓர் ஆட்டுக்கு முன்னங்கால் உடைந்திருந்தது. காலிச் செருப்புப் பெட்டி ஒன்று கொட்டில் ஆயிற்று. சுவரில் விளக்கு வைக்கிற மாடம் அதற்கு இடமாயிற்று. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் அதில் வைக்க முடியும். அந்தக் கட்டாயம் நல்லதாகவே முடிந்தது. கண்முன் ஒன்றே இருந்தால் குழந்தை அதையே பார்க்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த உவமையில் ஒரு வசதியும் உண்டு. கொளவாய் ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரும் ஆயர்தான். 2002இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தை ஆள்பவரும் ஆயர்தான். சங்க இலக்கியத்தின் முல்லை நிலத்து மக்களும் ஆயர்களே. பேராலயத்தில் ஆயர் கையில் கோலோடு வந்தபோது, "ஆடெல்லாம் எங்கப்பா?" என்று மகள் உரக்கக் கேட்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உவமையின் பாதியை அவள் தானாகவே கண்டடைந்துவிட்டாள் என்று எனக்கு மகிழ்ச்சி.

மறுபாதி ஓர் இரவு வந்தது. செருப்புப் பெட்டிக்கு முன் தனியாக உட்கார்ந்து ஆடுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். இது நான், இது தம்பி, இது அம்மா, இது அப்பா. கால் உடைந்த ஆட்டைக் கடைசியாக எடுத்து, கொட்டிலில் இடையருக்குப் பக்கத்தில் வைத்து, "இது ஆயா" என்றாள். கோவளத்து ஆயாவா என்று மனைவி கேட்டாள். இல்லை, பக்கத்து வீட்டு ஆயா என்றாள்.

பக்கத்து வீட்டு ஆயா முருக பக்தர். கிருத்திகைதோறும் விரதம் இருப்பார், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எங்கள் வீட்டுக்கு முதல் சொம்பு வரும். மூட்டு வலியால் ஒரு காலை இழுத்து நடப்பார். மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும் நேரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் செபமாலை தொடங்கினால் அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவார். கடைசி வேண்டுதல் முடிந்ததும் ஒலி மறுபடி ஏறும். நாங்கள் கேட்டுக்கொள்ளாமலே நடந்த ஏற்பாடு அது.

வீடு சிறியது என்பதால் உவமைகள் பலவும் சமையற்கட்டில்தான் நடந்தன. கடுகு விதைக்கு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாலே போதும். புளிப்பு மாவு உவமைக்கு எங்கள் வீடுகளில் ரொட்டி இல்லையே என்று தயங்கத் தேவையில்லை. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காதபோது மனைவி பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலப்பாள். காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழுந்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். விண்ணரசு அதைப் போன்றது என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

வலை உவமைதான் எதிர்பாராத திசையில் போயிற்று. கோவளத்துக் கரையில் வலையை இழுத்து மீன்களைத் தரம் பிரிக்கும்போது, நல்லவற்றைக் கூடையில் சேர்த்து ஆகாதவற்றை எறிந்துவிடுவார்கள் என்ற உவமையை மகனுக்குச் சொன்னேன். அருகில் இருந்த மாமனார் சிரித்தார். "எறிஞ்சுபோட மீன் ஏது மாப்பிள்ளை? பொடிசு கருவாடு ஆகும், அதுவும் ஆகாதது கோழித் தீவனத்துக்குப் போகும்" என்றார். மத்தேயு நற்செய்தியின் கடுமையை நான் மழுப்ப விரும்பவில்லை. கடைசித் தீர்ப்பு என்பது எங்கள் நம்பிக்கையின் பகுதி. ஆனாலும் ஆறுபது ஆண்டுகளாக மீன்களைப் பிரித்த ஒருவரின் பேச்சை மகன் மறக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

அன்று மாலையே மாமல்லபுரம் போனோம். கிருஷ்ண மண்டபத்தில் பசுவிடம் ஒருவர் பால் கறக்க, அது தன் கன்றை நக்கிக்கொடுக்கும் சிற்பத்தின் முன் மகன் நின்றுவிட்டான். நடுவில் மலையைத் தூக்கிப் பிடித்து மாடுகளையும் மக்களையும் மழையிலிருந்து காக்கும் கண்ணன். "நல்லாயன்" என்றான் மகன். "இவரும் ஆயர் குலத்தில் வளர்ந்தவர். கண்ணன் என்று பேர், பக்கத்து வீட்டு ஆயா கும்பிடும் முருகனுக்கு மாமா முறை" என்றேன். எங்கள் சாமி வேறு, அவர்கள் சாமி வேறு என்ற வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. அவனும் குழம்பவில்லை. ஆட்டுக்குட்டி ஏன் இல்லை என்று மட்டும் கேட்டான்.

இங்கே சவேரியாரின் கடிதங்களில் இன்று படிக்கும்போது நெருடுகிற ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். தம் மாணவச் சிறுவர்கள் பெற்றோரின் சிலை வழிபாட்டை வந்து சொல்வதையும், சிலைகளை உடைப்பதையும் அவர் பெருமையோடு எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்க நான் முற்படவில்லை. அவருடைய உழைப்புக்கும் அன்புக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இந்த மறை கற்பிக்கப்பட்ட முதல் நாள்களிலேயே, அண்டை வீட்டாரின் கடவுளை என்ன செய்வது என்ற கேள்வியும் சேர்ந்தே பிறந்துவிட்டது. ஒற்றைச் செங்கல் சுவர் உள்ள வீட்டில் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

2023இல் பக்கத்து வீட்டு ஆயா இறந்துபோனார். மகளுக்கு அப்போது ஏழு வயது. காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து, இரவுச் செபத்துக்கு உட்கார்ந்தபோது கேட்டாள். "ஞானஸ்நானம் வாங்காதவங்க மோட்சத்துக்குப் போக முடியாதுன்னு கோவளத்து ஆயா சொல்லிக்குடுத்தாங்க. அப்ப பக்கத்து வீட்டு ஆயா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மகனும் மருமகளும் இருந்தார்கள். தொலைக்காட்சி ஓடவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தாழ்த்தவில்லை. அவர்கள் கேட்கக்கூடாத பதிலாக இருந்தால் அதை என் மகளுக்கும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

மாமியார் சொல்லிக்கொடுத்தது அவர் கற்ற பாடம். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாசகத்துக்குப் பதினேழு நூற்றாண்டு வயது. ஆனால் இல்லத் திருச்சபையைப் பற்றிப் பேசும் அதே 1964ஆம் ஆண்டு ஏடுதான், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலுக்கேற்ப வாழ்வோரும் மீட்பை அடையலாம் என்றும் கூறுகிறது. இரண்டு செய்திகளுக்கும் இடையே ஐந்தே பத்திகள். முதலாவதை ஒவ்வோர் ஆண்டும் மறையுரையில் கேட்கிறோம். இரண்டாவது வீடுவரை வந்து சேரவில்லை.

இதை ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? மாடத்தில் இருந்த செருப்புப் பெட்டியை எடுத்தேன். "ஆயர் தன் ஆடுகளை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டேன். "பேர் சொல்லி" என்றாள். "அவர் யாரைக் கூப்பிடுவார்னு அவருக்குத் தெரியும். வேற கொட்டில்ல இருக்கிற ஆடுகளும் எனக்கு உண்டுன்னு அவரே சொல்லியிருக்கார். வாசல்ல நின்னு எண்ணுறது நம்ம வேலை இல்ல. ஆயாவுக்காக வேண்டிக்கலாம், அது நம்ம வேலை." அவள் கால் உடைந்த ஆட்டை எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு முன்பு வைத்த இடத்திலேயே வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. சுவருக்கு அப்பாலிருந்தும் எந்த ஒலியும் வரவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கோவளம் போயிருந்தோம். இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பூசையில் நினைவுகூர்வார்கள். எழுதுவது மகளின் வேலை. தாத்தா பாட்டிகளின் பெயர்களுக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஆயாவின் பெயரையும் எழுதினாள். அது ஒரு முருகன் அடியாரின் பெயர் என்பதை மறைக்க முடியாத பெயர். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். பழைய பாடம் ஒன்றைச் சொல்லித் திருத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். "இனிஷியல் போடலையே" என்றார். மகள் இனிஷியலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்த்தாள்.

செங்கல்பட்டுப் பேராலயம் சூசையப்பர் பெயரில் அமைந்தது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசிய ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் வீரமாமுனிவர் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் தலைவர் ஆக்கினார். நாசரேத்து வீடும் சிறியதாகவே இருந்திருக்கும். அங்கே தச்சு வேலையின் நடுவில் ஒரு குழந்தை எதைக் கற்றுக்கொண்டது என்பதற்குக் குறிப்பேதும் இல்லை. பேராலயத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த மௌனம் எனக்கு ஆறுதல் தருகிறது. நான் சொல்லிக்கொடுப்பதைவிட, மனைவி கூழ்ச் சொம்பைக் கழுவி அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அதிகம் கற்றிருப்பார்கள்.

இப்போது செருப்புப் பெட்டி மகனுடையது. ஆடுகளில் இன்னொன்றுக்கும் கால் போய்விட்டது. மகள் புதுநன்மைக்கு ஆயத்தமாகிறாள், மாமியாரின் வினா விடைகளில் பாதிக்கு மேல் அவளுக்குப் பாடம். வளர்ந்த பின் இவர்கள் கோவிலுக்குப் போவார்களா, போகமாட்டார்களா என்பது என் கையில் இல்லை. என் தலைமுறையிலேயே செபமாலையை மறந்துபோன நண்பர்கள் பலர் உண்டு, அவர்களுடைய பெற்றோரும் என்னைவிடக் கவனமாகக் கற்பித்தவர்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டாரைக் கணக்கில் கொள்ளாத ஒரு கடவுளை இவர்கள் இந்த வீட்டில் கற்கவில்லை. அதற்கு எங்கள் சுவரும் ஒரு காரணம்.